வேதமாணிக்கம் மேஸ்திரி போட்ட மூன்றாம் குழி

செவ்வாய்க்கிழமை காலையில் கோயில் மணி விட்டு விட்டு அடித்தது. நான் பெட்டி முடைவதற்கு ஓலையை நனைத்துக்கொண்டிருந்தேன். யாராயிருக்கும் என்று நினைத்து முடிப்பதற்குள், மணி அடிக்கிறவர் பெண்சாதி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"எக்கா, மேஸ்திரி போயிட்டாராம்."

"எந்த மேஸ்திரி?"

"மண் மேஸ்திரிதான். வேதமாணிக்கம் அண்ணாச்சி. விடியக்காலம் குடிக்க நீச்சத்தண்ணி கேட்டிருக்காரு. அருளாயக்கா கொண்டு வாரதுக்குள்ள சாய்ஞ்சிட்டாராம்."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. மூன்று ஓடுதான் ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமை துரைமார் அடித்த பந்து விழுந்து என் கூரையில் மூன்று ஓடு உடைந்திருந்தது. "திங்கக்கிழமை வந்து மாத்திருதேன்" என்று வேலியைப் பிடித்துக்கொண்டு சொன்ன மனுஷன், திங்கட்கிழமை வரவில்லை, செவ்வாய்க்கிழமை செத்துப்போனார். பதினோரு வருஷமாக எனக்கும் அவருக்கும் நடந்ததெல்லாம் இந்தக் கணக்கில்தான். சொல்ல வேண்டிய நாளில் சொல்ல மாட்டார், வர வேண்டிய நாளில் வர மாட்டார். கடைசியில் யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நாம்தான் நிற்க வேண்டும்.

அடக்கம் முடிந்து திரும்புகையில் போதகர் ஐயர் என்னைக் கூப்பிட்டு, சபைப் பத்திரிகைக்கு அவரைப் பற்றி எழுது என்றார். கிட்ட இருந்து பார்த்தவள் நீதான் என்றார். நல்லதாய் எழுது என்றும் சொன்னார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நல்லதாய் எழுத வராது, நடந்ததை எழுத வரும். அவரைத் தெரிந்த நீங்கள் எல்லாரும் படித்துவிட்டு நல்லதா கெட்டதா என்று உங்களுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

அவர் கொற்கைப் பக்கத்து வயல்காட்டில் பிறந்தவர். வரப்பு, மடை, வாய்க்கால் இவற்றோடு வளர்ந்து, பிறகு சர்க்கார் வாய்க்கால் வேலையில் மண் மேஸ்திரியாகி, பாளையங்கோட்டைக்குப் பெண்சாதியோடு வந்து சேர்ந்தவர். ஒரு இடத்தைப் பார்த்த மாத்திரத்தில் மழைத் தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே ஓடும் என்று சொல்லிவிடுவார். நம் கோயில் வளவில் ஐப்பசி மழைக்கு முழங்கால் தண்ணீர் நின்றது உங்களுக்கு மறந்திருக்காது. பெரிய மனிதர்கள் கூடிப் பேசி ஒரு ஓடை வெட்டினார்கள். தண்ணீர் ஓடையில் நின்றது, வளவிலும் நின்றது. இவர் வந்து பார்த்தார். நான்கு பெண்களைக் கூப்பிட்டு வடமேற்கு மூலையில் சில பெட்டி மண்ணைக் கொட்டச் சொன்னார். அவ்வளவுதான். அடுத்த மழைக்குத் தண்ணீர் தானாக ரோட்டுக்குப் போய்விட்டது. எப்படி என்று கேட்டதற்கு, "தண்ணிக்கு வழி வெட்டப்படாது. சரிவைக் காட்டணும். அது போயிரும்" என்றார். ஓடை வெட்டினவர்கள் அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

இனி என் வீட்டுக் காரியத்துக்கு வருகிறேன். துரைமார் கிளப்புக்குப் பின்னால் செம்மண் பொட்டல் இருக்கிறதே, அதன் ஓரத்தில் உடைமுள் வேலி போட்ட வீடு என்னுடையது. என் வீட்டுக்காரர் வண்டி ஓட்டினவர். தன் கையாலேயே சுவர் வைத்து நாட்டு ஓடு போட்டார். போட்ட மறு வருஷம் காலராவில் போய்விட்டார். எனக்கு இருந்தது அந்த வீடும், பாக்கியம் என்கிற ஒரு மகளும்தான். வீட்டுக்குப் பட்டா கிடையாது. பொட்டல் சர்க்கார் பொட்டல். யாரும் கேட்காதவரைக்கும் என் வீடு. கேட்டால் அவர்கள் இடம்.

ஒரு வருஷம் துரைமாருக்குக் குழிப்பந்துப் பைத்தியம் பிடித்தது. அதற்கு அவர்கள் பாஷையில் கோல்ப் என்று பேர். நெல்லிக்காயை விடக் கொஞ்சம் பெரிய, கல் மாதிரி ஒரு பந்து. நுனி வளைந்த ஒரு கம்பு. கண்ணுக்கு எட்டாத தூரத்தில் தரையில் ஒரு குழி. கம்பால் அடித்து அடித்துப் பந்தைக் கொண்டுபோய் அந்தக் குழியில் போட வேண்டும். குறைந்த அடியில் போட்டவன் கெட்டிக்காரன். இதற்கு ஒன்பது குழி. ஒவ்வொரு குழியைச் சுற்றியும் களம் மாதிரி ஒரு வட்டம். அவர்கள் ஊரில் அந்த வட்டத்தில் பச்சைப் புல் இருக்குமாம். நம் வெயிலில் எருக்கஞ்செடிதான் இருக்கும். அதனால் ஆற்று மணலை அள்ளிவந்து எண்ணெய் விட்டுப் பிசறி, சாக்கை இழுத்து வழவழப்பாக்கி மணல் வட்டம் போடுவது என்று முடிவானது. அந்த வேலைக்கு வேதமாணிக்கம் அண்ணாச்சிதான் மேஸ்திரி.

என்ஜினியர் துரை ஒருவர் காகிதத்தில் ஒன்பது கோடு போட்டார். மூன்றாவது கோடு என் அடுப்படி வழியாகப் போனது. கிளப்புக் குமாஸ்தா வந்து வேலிக்கு வெளியே நின்றபடியே, "மூணு மாசத்துல காலி பண்ணிரணும். துரை உத்தரவு" என்று சொல்லிவிட்டுப் போனான். உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு நேரே மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா துரை கேப்பாரு."

"கேக்க மாட்டான்."

"தாலியறுத்தவ, பொட்டப்பிள்ளையை வச்சிருக்கா, கால்ல விழுதான்னு சொல்லுங்க."

"விழுந்தா, சரி அடுத்த வருஷம் வரைக்கும் இருன்னு சொல்லுவான். அடுத்த வருஷம் வேற துரை வருவான். நீ எத்தனை காலுலதான் விழுவே?"

"அப்ப நான் என்னதான் செய்ய?"

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். பிறகு சொன்னார்: "நாளையிலிருந்து மண் சுமக்க ஆள் வேணும். நீ வா."

அவர் பெண்சாதி அருளாயிதான் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "ஒமக்குக் கூறு இருக்கா வே? வீடு போகுதுன்னு அழுதுட்டு வந்து நிக்கா, வேலைக்கு வான்னு சொல்லுதீரு!" என்று அவரைத் திட்டினாள். அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். நானும் போனேன், மறுநாள் காலையில், வேலைக்கு. மகளுக்கு ஒரு கல்யாணம் செய்ய வேண்டுமே. என் வீட்டை இடிக்கிற காரியத்துக்கு என்னையே மண் சுமக்க வைத்த மனுஷன் என்று அந்த மூன்று மாதமும் நான் தெருவில் சொல்லாத ஆள் இல்லை. நீங்கள் எல்லாரும் கேட்டிருக்கிறீர்கள். பாதிப்பேர் எனக்காக உச்சுக்கொட்டவும் செய்தீர்கள்.

வேலைத்தலத்தில் அவரோடு பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். காகிதத்தில் மூன்றாவது கோட்டுக்குக் குறுக்கே பெரிய பள்ளம் ஒன்று போட்டிருந்தது. அந்தப் பள்ளத்தை அவர் தோண்டவே இல்லை. கேட்டால், "பைய தோண்டலாம்" என்பார். மடியில் புன்னைக்காயைக் கட்டிக்கொண்டு, மூன்றாம் குழியின் மணல் வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். குந்தி உட்கார்ந்து ஒரு காயை உருட்டிவிடுவார். அது எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பார். எழுந்து நாலடி தள்ளிப்போய் இன்னொன்று. "ஞானப்பூ, இங்கன ரெண்டு பெட்டி போடு." போடுவேன். மறுபடி உருட்டுவார். "ஒரு பெட்டியை எடு." எடுப்பேன். காலையில் போட்ட மண்ணைச் சாயங்காலம் எடுக்கச் சொன்ன ஒரே மேஸ்திரி இந்த ஜில்லாவில் இவர்தான். கூட வேலை செய்த பெண்கள், "இவரு குழிப்பந்துக்கு இடம் போடலை, புன்னைக்காய்க்குத் தொட்டில் கட்டுதாரு" என்று சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. நான் சுமந்த மண் ஒவ்வொரு பெட்டியும் என் வீட்டைப் பார்க்கச் சரிந்து கிடந்தது.

எல்லாம் தெரிந்தவர் என்றும் யாரும் எழுத வேண்டாம். மணல் இறுகுவதற்கு அவர் முதலில் என்ன செய்தார் தெரியுமா? வீட்டுச் சுண்ணாம்புக்குக் கருப்பட்டித் தண்ணீர் விட்டு அரைப்போமே, அதே யோசனையில் மணலுக்கும் கருப்பட்டித் தண்ணீர் விட்டுப் பிசறிவிட்டார். "வேண்டாம் அண்ணாச்சி, எறும்பு வரும்" என்று நான் சொன்னேன். "சுவத்துக்கு வருதா?" என்று கேட்டார். துரைமார் பார்க்க வந்த அன்றைக்கு மணல் வட்டம் கறுப்பாகக் கிடந்தது. எறும்பு. பெரிய ஜட்ஜ் துரை காலை உதறின உதறலில் அவர் தொப்பி ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம். பிறகு ஒன்பது வட்டத்து மணலையும் வாரிக் கொட்டிவிட்டுப் புது மணலில் வேப்பெண்ணெய் விட்டோம். எறும்பு போனது, நாற்றம் வந்தது. அந்த நாற்றம் துரைமார் சப்பாத்துக் காலோடு கிளப்புக்குள் போனது என்று பட்லர் சொன்னான். எறும்பு வரும் என்று ஞானப்பூ முதலிலேயே சொன்னாள் என்று அவர் எவரிடமும் சொல்லவில்லை. இதையும் நான் மறக்கவில்லை.

ஆனால் எறும்பெல்லாம் சின்னக் காரியம். பெரிய காரியம் என் மகள் காரியம்.

பாக்கியத்தை நம் தெருவிலேயே மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் பையனுக்குக் கேட்டிருந்தார்கள். நல்ல இடம். என் வேலியிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஆனால் அவர்கள் வீட்டில் ஒரு மூத்த பெண் இருந்தாள். அவளுக்கு முடித்துவிட்டு மறு வருஷம் பார்க்கலாம் என்றார்கள். மறு வருஷம் எனக்கு வீடு ஏது? பெண்ணை எந்த முற்றத்தில் வைத்து அழைத்துப்போவார்கள்? தெருவில் நிற்கிறவள் மகளை எந்த வாத்தியார் கட்டுவான்? அந்தச் சமயத்தில் மலையடிவாரத்துக் களக்காட்டிலிருந்து ஒரு வாழைத் தோட்டக்காரர் குடும்பம் கேட்டு வந்தது. உடனே முடிக்கத் தயார் என்றார்கள். ஊரைப் பார்க்கவில்லை, உறவைப் பார்க்கவில்லை. வீடு நிற்கையிலேயே கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்ற ஒரே பதைப்பில் சரி என்றேன்.

கல்யாணத்துக்கு மேஸ்திரி வந்தார். என் முற்றத்தில் போட்ட பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டார். பாயசம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் வண்டி ஏறுகையில் பாக்கியத்தின் தலையில் கை வைத்து, "நல்லாயிரு தாயி" என்றார். அப்போது அவர் வாய்க்குள் ஒரு சேதி இருந்தது. அதைப் பாயசத்தோடு விழுங்கிவிட்டுப் போய்விட்டார்.

என்ன சேதி என்பது மூன்று வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கெடு முடிய ஒரு வாரம் இருந்தது. நான் சட்டி பானையைக் கட்டி வைத்திருந்தேன். துரைமார் முதல்முதலாக ஆடிப் பார்க்க வந்தார்கள். வீடு இன்னும் நிற்பதைப் பார்த்துவிட்டு என்ஜினியர் துரை முகத்தைச் சுளித்தார். பிறகு என் வீட்டை விட்டு விலகி, வலது பக்கத்து வெட்டவெளியில் பந்தை அடித்தார். நல்ல அடி. இரண்டாவது அடியில் பந்து மணல் வட்டத்தில் போய் விழுந்தது. விழுந்த பந்து நிற்கவில்லை. பைய உருண்டு, உருண்டு, அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. திரும்ப அடித்தார், இந்தப் பக்கம் இறங்கிவிட்டது. பெரிய ஜட்ஜ் துரை பொறுமைக்காரர். அவர் மேஸ்திரி காய் உருட்டிப் போட்ட சரிவைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். என் முள்வேலியை ஒட்டி அடித்தார். வேலிக்கு ஒரு முழம் வெளியே பந்து நின்றது. அங்கிருந்து அடித்தது வட்டத்தில் ஏறி, ஒரு நாய் சொன்ன பேச்சைக் கேட்டு உட்காருகிற மாதிரி உட்கார்ந்தது. ஜட்ஜ் துரை சிரித்தார். என்ஜினியர் துரை சிரிக்கவில்லை.

மறுநாள் என்ஜினியர் துரை தனியாக வந்தார். வேலியை ஒட்டித்தான் அடித்தார். முதல் பந்து முள்ளுக்குள். இரண்டாவது பந்து என் கூரையில் விழுந்து ஓட்டை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து, கட்டி வைத்திருந்த பானையில் ஒன்றை உடைத்தது. நான் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். துரை வேலிக்கு வெளியே நின்று என் வீட்டைப் பார்த்தார், மணல் வட்டத்தைப் பார்த்தார், மறுபடி வீட்டைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மேஸ்திரியிடம் என்னவோ சொன்னார். காகிதத்தை எடுத்து அதில் பென்சிலால் ஒரு கோட்டைக் குறுக்கே அடித்துவிட்டார்.

"என்ன சொல்லுதாரு?" என்றேன்.

"வீடு இருக்கட்டும்னு சொல்லுதாரு. வீடு இல்லாட்டி இந்தக் குழியில ருசி இல்லையாம். வேலியைக்கூட அசைக்கப்படாதாம்."

எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கினபோது கையிலிருந்த பந்தை மேஸ்திரி காலடியில் எறிந்தேன்.

"இதுக்குத்தான் மூணு மாசமா உருட்டினீரா?"

"ஆமா."

"மொதல்லயே தெரியுமா ஒமக்கு?"

"தெரியாது. இப்படி ஆகலாம்னு நெனச்சேன்."

"நெனச்சதைச் சொல்லப்படாதா? என் மகளை மலையடிவாரத்துல கொண்டுபோய்த் தள்ளிட்டேனே அண்ணாச்சி! மூணு வாரத்துக்கு முந்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

அவர் குனிந்து பந்தை எடுத்து வேட்டியில் துடைத்துத் துரையிடம் கொடுத்தார். "மூணு வாரத்துக்கு முந்தி அந்த ஆளு இங்கன நின்னு அடிக்கலையே" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த சமாதானம்.

என் வீடு எப்படித் தப்பியது என்பதை அவர் ஒரு நாள் வேலியோரம் உட்கார்ந்து சொன்னார். அதுவும் நான் நச்சரித்த பிறகு, ஒரு வருஷம் கழித்து. துரை போட்ட கோட்டில் நேர்வழி ஒன்றுதான். குறுக்கே பள்ளம். எல்லாரும் ஒரே மாதிரி தாண்ட வேண்டும், அல்லது விழ வேண்டும். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. இவர் இரண்டு வழி வைத்தார். வலது பக்கம் அகலமான வழி; பயந்தவன் அதில் போகலாம், பந்து தொலையாது. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மணல் வட்டம் முதுகைக் காட்டிச் சரிந்து கிடக்கும். பந்து நிற்காது, ஒரு அடி கூடும். இடது பக்கம் என் வேலி. வேலியை உரசிக்கொண்டு அடிக்கிற துணிச்சல்காரனுக்கு அந்த வட்டம் மடியை விரித்துக் காட்டும். கொஞ்சம் தப்பினால் முள், இன்னும் தப்பினால் என் ஓடு. "யாரையும் தடுக்கப்படாது, ஞானப்பூ. ஆசையைக் காட்டணும். ஆசை காட்டின இடத்துல ஆபத்தையும் வைக்கணும். பிறகு அவனே வருவான், அவனே காப்பாத்துவான்" என்றார்.

"அந்த ஆபத்து என் வீடா?"

"வேற என்ன இருக்கு இங்கன?"

இப்படித்தான் என் வீடு தப்பியது. யாரும் என்மேல் இரக்கப்பட்டதால் அல்ல. துரைமார் தோற்பதற்கு ஒரு இடம் வேண்டும் என்பதால். பதினோரு வருஷத்தில் இரண்டு கோழி செத்தது. எத்தனை பானை, எத்தனை ஓடு என்பதற்கு அருளாயி சாட்சி. வடகம் காயப்போட்ட பாயில் பந்து, துவைத்த சேலையில் பந்து. "சரிவைக் கொஞ்சம் குறைச்சா என்ன, இந்தப் பக்கம் வரமாட்டாங்களே" என்று நான் போய்ச் சண்டை போடுவேன். "குறைச்சா வீடு போயிரும்" என்பார். ஒவ்வொரு தடவையும் அதே பதில், அதே வெற்றிலை. அவர் சொன்னது பொய்யும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். அந்த என்ஜினியர் துரை மாறிப்போய் வேறொருவர் வந்து, இந்த ஓட்டுவீடு அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடலாம் என்றபோது, கிளப்புத் துரைமார் எல்லாரும் சேர்ந்து கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். மூன்றாம் குழியை வேலியோரமாக அடித்து ஜெயித்தவன் தன் பெருமையை விடுவானா? தோற்றவன் மறுபடி அடிக்காமல் விடுவானா?

களக்காட்டில் பாக்கியத்துக்கு முதல் பிள்ளை பிறந்து தங்கவில்லை. சேதி வந்து, நான் வண்டி பிடித்து, ஒரு பகலும் ஒரு காலையும் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. மகள் என்னைப் பார்த்து, "இப்பதான் வாரியாம்மா" என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்ததும் நான் மேஸ்திரி வீட்டுப் படியை இரண்டு வருஷம் மிதிக்கவில்லை. கோயிலில் அவர் உட்காரும் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. அருளாயி பலகாரம் கொடுத்துவிடுவாள்; பாத்திரத்தைக் கழுவி அவர்கள் வீட்டு மதில்மேல் வைத்துவிடுவேன்.

பிறகு சீமையில் பெரிய சண்டை வந்தது. துரைமார் பாதிப்பேர் பட்டாளத்துக்குப் போனார்கள். பொட்டலில் ஆட்டம் நின்று எருக்கும் நெருஞ்சியும் முளைத்தன. என் கூரைக்கு நிம்மதி. ஆனால் இந்த மனுஷன் மட்டும் சனிக்கிழமை தோறும் ஒரு மண்வெட்டியும் சாக்குமாக வந்து, மூன்றாம் குழியின் சரிவை மட்டும் செதுக்கிக்கொண்டிருந்தார். மற்ற எட்டுக் குழியைத் தொடவில்லை. மழை கரைத்ததை மறுபடி மண் போட்டுத் தட்டினார். யாரும் அவரை வேலைக்கு அழைக்கவில்லை. வயசு அறுபதுக்கு மேல். முட்டியைப் பிடித்துக்கொண்டு குந்துவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு நான் பேசின முதல் பேச்சு இதுதான்:

"ஆடுதவனே இல்லை. யாருக்கு வே இந்த வேலை?"

"ஆட்டம் நின்னாலும் சரிவு நிக்கணும். சண்டை முடிஞ்சா புதுத் துரை வருவான். வந்து பாக்கையில இது வெறும் மேடா கிடந்தா, காகிதத்தை விரிப்பான்."

விரித்தால் கோடு எங்கே போகும் என்பதை அவர் சொல்லவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை நின்றேன். பிறகு கேட்டேன்: "பாக்கியம் கல்யாணத்துக்கு முந்தி நீங்க சொல்லியிருக்கணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."

"பந்து எங்கன போயி நிக்கும்னு அடிக்கதுக்கு முந்திச் சொல்லுதவன் பொய்யன்."

"நான் பந்தைக் கேக்கலை."

"எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்" என்றார். செம்பைத் திருப்பிக் கொடுத்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "பாக்கியத்துக்கு இப்ப எத்தனை பிள்ளைக?" என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

சண்டை முடிந்தது. அவர் சொன்ன மாதிரியே புதுத் துரைமார் வந்தார்கள். மற்ற எட்டு இடத்திலும் குழி எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. மூன்றாவதை மட்டும் பார்த்து, இது நன்றாக இருக்கிறதே என்று அதில் ஆரம்பித்தார்களாம். என் ஓடும் மறுபடி உடைய ஆரம்பித்தது.

அடக்கத்தில் பேசினவர்கள் அவரைச் சாந்தமான மனிதர், எவர் மனதையும் நோகச் செய்யாதவர் என்றார்கள். அருளாயியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். நோகச் செய்தார். வாயைத் திறக்காமலே செய்தார். அதை மறைத்து எழுதினால் அது வேறு யாரோ ஒருவருக்கு எழுதின அஞ்சலி.

சேதி கேட்டுப் பாக்கியம் மறு வாரம், சந்தைக்கு வருகிற வாழைக்காய் வண்டியில் பிள்ளைகளோடு ஏறி வந்தாள். மேஸ்திரி வீட்டுக்குப் போய் அருளாயியைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வந்து, என் முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். பிள்ளைகள் மூன்றும் வீட்டுக்குள்ளும் வெளியிலுமாக ஓடின. நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். அவர் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ இந்தத் தெருவிலேயே இருந்திருப்பாய் என்றேன்.

"சொல்லி, அந்தத் துரைக்குக் குழி பிடிக்காமப் போயிருந்தா?" என்று கேட்டாள்.

நான் ஓலையை எடுத்து முடைய ஆரம்பித்தேன். அவளே சொன்னாள்:

"வீடும் போயி, களக்காட்டுச் சம்பந்தமும் போயிருக்கும். நாம ரெண்டு பேரும் எங்கன நின்னிருப்போம்?"

"ஏளா, நீ யாரு கட்சி?"

"உன் கட்சிதாம்மா. ஆனா நான் வந்து எறங்க ஒரு வீடு இருக்குல்லா."

நான் எழுந்துபோய் உலை வைத்தேன். அதனால் கோபம் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். வேதமாணிக்கம் மேஸ்திரியிடமிருந்து எனக்கு இருப்பது இரண்டு. ஒன்று, நான்கு சுவரும், மகள் வந்து காலை நீட்டுகிற முற்றமும். அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லுகிறேன். அவர் இருக்கையில் அவருக்குச் சொன்னதில்லை, இப்போது சொல்லுகிறேன். மற்றது, அவர் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தை. அதை இங்கே விட்டுவிட்டுப் போக மாட்டேன். அவரைக் காண்கிற நாளில் கையோடு கொண்டுபோய்க் கேட்பேன். அதுவரைக்கும் அவர் யோசித்து வைக்கட்டும். அங்கே மண் வேலை எதுவும் இருக்காது.